வெளிநாட்டு விருந்தினருக்கு நம் மாவட்டத்துப் பொருளாக என்ன கொடுக்கலாம்?

பர்கூர் டீச்சர் | மே 11, இரவு 9:20

வணக்கம். ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பர்கூர் பக்கத்தில் நான் வேலை செய்யும் கல்லூரிக்கு ஜூன் கடைசி வாரம் தைவானிலிருந்து ஒன்பது பேர் வருகிறார்கள். அங்குள்ள ஒரு நகரத்தின் துணை மேயர், சென்னையில் இருக்கும் அவர்களுடைய பிரதிநிதி அலுவலகத்திலிருந்து ஒருவர், மற்ற ஏழு பேரும் தொழிற்கல்வி அதிகாரிகள், ஆசிரியர்கள். மாணவர்களை ஒருவருக்கொருவர் அனுப்புவது பற்றிப் பேச்சு. வரவேற்புக் குழுவில் பரிசு வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பணம் 22,000 ரூபாய். முக்கியமான இருவருக்குத் தலா 4,000, மற்ற ஏழு பேருக்குத் தலா 2,000 என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

சால்வையும் தஞ்சாவூர்த் தட்டும் வாங்கிவிடலாம் என்று குழுவில் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. தஞ்சாவூர்த் தட்டு அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் வருவது கிருஷ்ணகிரிக்கு. நம் ஊர்ப் பொருளாகக் கொடுக்கலாமே என்றேன். "நம்ம ஜில்லாவில் அப்படி என்ன இருக்கு, மாம்பழத்தையும் கல்லையும் தவிர?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். இரண்டு நாளாக அதுதான் மனதை அறுக்கிறது.

தர்மபுரியும் சேர்த்தே சொல்லுங்கள். 2004 வரை ஒரே மாவட்டம்தானே. வியாழக்கிழமைக்குள் குழுவில் சொல்ல வேண்டும்.


ஓசூர்க்காரன் | மே 11, இரவு 10:02

டீச்சர், ஓசூரை விட்டுவிட்டீர்களே! டைட்டன் கைக்கடிகாரம் முதன்முதலில் வந்தது எங்கள் ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான், 1980களிலேயே. என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தவர். மேசையில் வைக்கிற மாதிரி நல்ல கடிகாரம் ஒன்று வாங்கி, கல்லூரிப் பெயரைப் பொறித்துக் கொடுக்கலாம். எந்த நாட்டுக்காரருக்கும் உபயோகப்படும். கூடவே ஓசூர் ரோஜாப் பூங்கொத்து. இங்கிருந்து காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்கே போகிற பூ அது.


தைபேவாசி | மே 12, காலை 5:48

ஓசூர்க்காரன் அண்ணா, மன்னிக்கணும், கடிகாரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரை. தைபேயில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே பேசும் மொழியில் "கடிகாரம் கொடுப்பது" என்பதும் "இறுதிச் சடங்கில் நின்று வழியனுப்புவது" என்பதும் ஒரே ஓசை. 2015இல் பிரிட்டன் அமைச்சர் ஒருவர் தைபே மேயருக்கு ஒரு பாக்கெட் கடிகாரம் பரிசளித்தார். அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று மேயர் பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட, பெரிய சர்ச்சையாகி, கடைசியில் இரண்டு பேருமே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. நல்ல மனதோடு கொடுத்த பொருள்தான், ஆனாலும் அப்படி ஆனது.

இன்னும் சிலதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு என்ற எண்ணும் சாவு என்ற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலி, அதனால் நான்காக எதையும் கொடுக்காதீர்கள். கத்தி, கத்தரிக்கோல் உறவை வெட்டும் என்பார்கள். குடை வேண்டாம், பிரிவு என்ற சொல்லோடு ஒலி ஒட்டுகிறது. கைக்குட்டை துக்கவீட்டில் கொடுப்பது. வெள்ளை, கறுப்புத் தாளில் சுற்ற வேண்டாம். சிவப்போ பொன்னிறமோ நல்லது. இரண்டு கையாலும் கொடுங்கள், இது நமக்கும் பழக்கம்தான். அவர்கள் உங்கள் முன்னால் பிரித்துப் பார்க்காவிட்டால் மனம் சங்கடப்படாதீர்கள், மரியாதைக்காகத்தான் பிரிக்க மாட்டார்கள்.

விலை விஷயத்தில் உங்கள் கணக்கு சரியாக இருக்கிறது. இங்கே அரசு ஊழியர்களுக்குச் சாதாரண மரியாதைப் பரிசு என்பதற்கு 3,000 தைவான் டாலர் என்று வரம்பு, நம் பணத்தில் சுமார் 8,000. அதைத் தாண்டினால் வாங்கிக்கொள்பவருக்குத்தான் தொந்தரவு.


ஓசூர்க்காரன் | மே 12, காலை 8:15

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. கடிகாரத்தை விட்டுவிடுவோம். ரோஜாவை மேடையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், கையில் கொடுத்தனுப்ப வேண்டாம்.


கல்தச்சன் மகன் | மே 12, மதியம் 1:30

"மாம்பழத்தையும் கல்லையும் தவிர" என்று அந்தப் பெரியவர் கேட்டதைப் படித்தேன். கல்லை ஏன் தவிர்க்க வேண்டும்? கிருஷ்ணகிரி கிரானைட் பாரடைசோ என்ற பெயரில் கப்பலேறி எத்தனையோ நாட்டு வீடுகளில் தரையாகவும் சமையல் மேடையாகவும் கிடக்கிறது. ஊதாவும் சிவப்பும் கலந்து ஆற்றுநீர் சுழித்த மாதிரி இருக்கும் அந்தக் கல். இந்தப் பெயரைக் கேட்டு இது நம் மலை என்று யாருக்குத் தெரியும்?

என் யோசனை இது. நம் பக்கத்து நடுகற்களைப் போல ஒரு சின்ன நடுகல் செதுக்கிக் கொடுக்கலாம், வில்லேந்திய வீரனோடு. பாரம் கூடும் என்று பயப்படாதீர்கள். ஒரு அடி உயரத்தில் செய்தால் ஐந்து கிலோ வரும், அது ஆகாது. பத்து சென்டிமீட்டர் உயரம், ஏழு அகலம், இரண்டு கனம் என்று வைத்தால் 380 கிராம்தான். மேசையில் தாள் பறக்காமல் வைக்கலாம். என் அப்பாவுக்குத் தெரிந்த இரண்டு பேர் இன்னும் கையுளியால் செதுக்குகிறார்கள். மற்றவர்கள் எல்லாம் மெஷினுக்குப் போய்விட்டார்கள்.


தகடூரான் | மே 12, மாலை 6:40

கல்தச்சன் மகனே, கல் என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நடுகல்லில் மட்டும் ஒரு தயக்கம். தர்மபுரி அருங்காட்சியகத்தில் அவற்றின் முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். மாடு கவரும் சண்டையிலும் ஊரைக் காக்கும் சண்டையிலும் செத்தவனுக்கு நட்ட கல் அது. நம் கிராமங்களில் இன்றைக்கும் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். நமக்குச் சாமி. வருகிறவருக்கு அதை விளக்கும்போது முதல் வார்த்தையே "இறந்தவனுக்கு வைத்த கல்" என்றுதானே வரும்? தைபேவாசி சொன்னதையெல்லாம் பார்த்தால் அது சரிப்படாது.

அதே கல்லில், அதே உளியில், நெல்லிக்கனி செதுக்கச் சொல்லுங்களேன். இரண்டு இலையோடு ஒரு நெல்லி, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லி கொடுத்த ஊர் நம்முடையது. புறநானூற்றில் 91ஆம் பாட்டு. அந்த ஔவைதான் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவரும், அது 95ஆம் பாட்டு. வெளியூர் அரசனோடு போர் மூளாமல் இருக்க ஒரு புலவரை அனுப்பிய ஊரில், வெளிநாட்டு விருந்தினருக்கு என்ன கொடுப்பது என்று நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் தெருக்கூத்துக்காரர்களின் கட்டைச் சாமான்கள். தோளில் அணியும் புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதிப்பார்கள். பஞ்சு மாதிரி எடை. ஒரு புஜக்கீர்த்தியைச் சுவரில் மாட்டினால் வீடே எழுந்து நிற்கும்.


செண்பகவல்லி தோட்டம் | மே 12, இரவு 8:05

ஜூன் கடைசி என்றால் மாம்பழம் இல்லாமல் எப்படி? எங்களிடம் செந்தூரா, பெங்களூரா, மல்கோவா எல்லாம் இருக்கும். ஒன்பது பேருக்கும் ஒரு பெட்டி இமாம்பசந்த் நானே இலவசமாகத் தருகிறேன் டீச்சர், சத்தியமாக.


தைபேவாசி | மே 12, இரவு 9:12

அக்கா, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் தைவான் விமான நிலையத்தில் பயணிகள் கையில் பச்சைப் பழம் எதையும் விடமாட்டார்கள். நாய் மோப்பம் பிடித்துவிடும். அரசு விருந்தினரை அங்கே பெட்டியைத் திறக்க வைப்பது நமக்கு அழகில்லை. இங்கேயும் நல்ல மாம்பழம் விளைகிறது, இவர்களும் மாம்பழப் பைத்தியங்கள்தான். அதனால் கல்லூரியிலேயே வெட்டிக் கொடுங்கள். ஐந்து வகையைத் தனித்தனித் தட்டில் வைத்துப் பேர் சொல்லிச் சாப்பிடக் கொடுத்தால், அதை ஊர் திரும்பியும் பேசுவார்கள்.


செண்பகவல்லி தோட்டம் | மே 12, இரவு 9:30

சரி, வெட்டிக் கொடுக்க நானே வருகிறேன். பழம் நறுக்கவும் ஒரு கை வேண்டும், கல்லூரிப் பிள்ளைகள் கொட்டையோடு பாதியை வீணாக்கிவிடுவார்கள்.


கூடுகாரர் பென்னாகரம் | மே 13, காலை 6:10

நான் பட்டுப்புழு வளர்க்கிறவன். மல்பெரி இரண்டு ஏக்கர். என் பேச்சு கொஞ்சம் ஆதங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரண்டு மாவட்டத்துப் பட்டுக்கூடும் தர்மபுரி மார்க்கெட்டில் ஏலம் போகிறது. கூட்டிலிருந்து நூலெடுக்கும் ரீலர் வாங்கி நூற்று, முறுக்கேற்றி, காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் சேலத்துக்கும் அனுப்புகிறார். சேலையாகி வரும்போது காஞ்சிப் பட்டு. நெய்கிறவர் கையின் பெருமை அது, நான் மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து நாள் ராத்திரி பகலாகத் தழை போட்டு, புழு நான்கு தரம் தோலுரித்து எழும்வரை காத்திருந்து, சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் விட்டுக் கூடு கட்டவைத்த ஊரின் பெயர் எங்கேயும் வருவதில்லை. ஒரு நல்ல வெண்கூட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் அறுபடாத இழை இருக்கிறது. இதைச் சொன்னால் படித்தவர்களே நம்பமாட்டேன் என்கிறார்கள்.

பரிசு என்றால் ஒரு சின்னப் பெட்டியில் வெட்டிய கூடு ஒன்று, கச்சாப் பட்டு நூலைச் சுற்றிய சிட்டம் ஒன்று, அதே நூலில் நெய்த ஒரு துண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கதை தானாகப் புரியும். புழு இல்லாத வெட்டிய கூடாக இருக்க வேண்டும், முழுக்கூடு வேண்டாம்.


சரக்குப் பெட்டி | மே 13, காலை 11:25

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் பதினாறு வருடம் இருந்தேன், இப்போது ராயக்கோட்டையில். மேலே வந்த யோசனைகளை அந்தக் கண்ணோடு பார்த்துச் சொல்கிறேன்.

கல் நெல்லி: எந்தச் சிக்கலும் இல்லை. கையில் எடுத்துப் போகிற பையில் போடாமல் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

பட்டு நூலும் துணியும் தாராளமாகப் போகும். கூடு பூச்சியினத்தோடு சம்பந்தப்பட்டது, எனவே பூச்சித் தடுப்பு அதிகாரி கேள்வி கேட்கலாம். வரவேற்பு மேசையில் கூட்டை வைத்துக் காட்டிவிட்டு, சிட்டத்தையும் துணியையும் மட்டும் கொடுத்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

தெருக்கூத்து அணிகலன் புதிதாகச் செய்ததாக இருக்கட்டும். தாத்தா காலத்துப் பழையது ரொம்ப அழகாக இருக்கிறது என்று யாராவது எடுத்துக் கொடுத்துவிடப் போகிறார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை 1972ஆம் வருடச் சட்டப்படி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. புதியதானாலும் பழசு போலத் தோற்றம் இருந்தால் செய்தவரிடம் பில் வாங்கி வையுங்கள். மரத்தில் பட்டையோ வண்டு துளைத்த ஓட்டையோ இருக்கக் கூடாது. ஒகேனக்கல் பரிசல் மாதிரி மூங்கிலில் குட்டியாகச் செய்து கொடுக்கலாமே என்று எனக்கே ஆசை இருந்தது. ஆனால் பக்குவப்படுத்தாத மூங்கில் இரண்டு மாதத்தில் பொடி உதிர்க்கும். அவர்கள் வீட்டு அலமாரியில் வைத்து உதிர்ந்தால் நம் பெயர்தான் கெடும். மயில் இறகு கிட்டேயே போகாதீர்கள், வெளிநாடு கொண்டுபோகத் தடை.


லாட்ஜ் மேனேஜர் (ஓய்வு) | மே 13, மதியம் 3:50

யாரும் சொல்லாத ஒரு பக்கத்தை நான் சொல்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் தங்கும் விடுதி ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். அறையைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு உள்ளே போய்ப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான். எதை விட்டுவிட்டுப் போவார்கள் தெரியுமா? கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். வெல்வெட் பெட்டியில் ஷீல்டு. ஆளுயரச் சந்தன மாலை. ஆறு கிலோ குத்துவிளக்கு ஒன்று, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. "இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், என் பெட்டியில் இடமில்லை" என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது. பாவம், அவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

2019இல் மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் வந்தபோது நாச்சியார்கோவில் விளக்கும் தஞ்சாவூர் ஓவியமும் கொடுத்தார்கள். சிறுமுகையில் அவர் முகத்தையே நெய்த பட்டும் கொடுத்தார்கள். அவர் தனி விமானத்தில் வந்தவர். உங்கள் விருந்தினர் பெட்டியை எடைபோட்டு ஏறுகிறவர்கள். 2023இல் நம் பிரதமர் அமெரிக்க அதிபருக்குக் கொடுத்த சந்தனப் பெட்டியில் தமிழ்நாட்டு வெள்ளை எள் ஒரு கைப்பிடி இருந்தது. எள்ளுக்கு என்ன எடை?

எடுத்துப் போன பொருள்கள் எவை என்று யோசித்தால், துணி. எப்போதும் துணி. மடித்துச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிடுவார்கள்.

இன்னொரு சம்பவம் என் மனதில் இருக்கிறது. ஒரு விழாவில் பெண் தூதரக அதிகாரி ஒருவருக்குப் பூவேலை செய்த பை கொடுத்தார்கள், "எங்கள் கிராமத்துப் பெண்கள் செய்தது" என்று சொல்லி. அவர் ஆசையாக உள்ளே திருப்பிப் பார்த்தார். வேறு மாநிலத்துத் தொழிற்சாலைச் சீட்டு தைத்திருந்தது. "இதை யார் செய்தது?" என்று மறுபடி கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. எந்த அமைப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் நின்ற எல்லோருடைய முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.


பர்கூர் டீச்சர் | மே 13, மாலை 6:02

படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்கிறது. லாட்ஜ் மேனேஜர் ஐயா, அந்தக் கேள்வியைத்தான் இனி ஒவ்வொரு பொருளிடமும் கேட்டுப் பார்க்கப் போகிறேன். யார் செய்தது, அவரிடம் போய்ப் பேச முடியுமா என்று.

துணி என்கிறீர்கள். நம் மாவட்டத்தில் துணியில் என்ன கைவேலை இருக்கிறது?


அரூர் மலர் | மே 13, இரவு 7:45

இருக்கிறது டீச்சர். சிட்லிங்கி.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போக வேண்டும். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. 1993இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கினார்கள். முதலில் கூரைக் கொட்டகைதான். அங்கே மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிகளும் இருக்கிறார்கள், தாண்டா என்ற தங்கள் குடியிருப்புகளில் லம்பாடி மக்களும் இருக்கிறார்கள். லம்பாடிப் பெண்களின் பாவாடையும் ரவிக்கையும் ஒரு காலத்தில் முழுக்கக் கைப்பூவேலை. அப்புறம் எல்லோரும் சேலைக்கு மாறிவிட்டார்கள். ஒன்றிரண்டு பாட்டிகளுக்கு மட்டுமே அந்தத் தையல் கையில் இருந்தது. அவர்களிடமிருந்து இளம் பெண்கள் கற்றுக்கொண்டு, இப்போது போர்கை என்ற பெயரில் சங்கமாக வேலை செய்கிறார்கள். போர்கை என்றால் அவர்கள் மொழியில் பெருமை.

தையலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டம் கட்டமாக, கோணம் கோணமாக, ஒரு பெண் துணியில் இழைகளை எண்ணியபடியே ஊசியை ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். வடிவத்தைத் துணியில் வரைந்துகொள்வதில்லை. பின்பக்கம் திருப்பினாலும் சுத்தமாக இருக்கிறது. பை, குஷன் உறை, மேசை விரிப்பு, துப்பட்டா எல்லாம் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும். இவர்கள் கடை அல்ல, விவசாயம் பார்க்கிற பெண்கள். காட்டு வேலை முடிந்தபிறகுதான் ஊசி எடுப்பார்கள். போன வாரம் கேட்டு இந்த வாரம் வாங்க முடியாது. இன்றைக்கே பேசுங்கள்.


கிருஷ்ணகிரி முத்து | மே 13, இரவு 9:00

மலர் அக்கா சொன்ன வேலை அழகுதான், படம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. லம்பாடிகள் வடக்கிலிருந்து வந்தவர்கள். கர்நாடகத்தில் சண்டூர் லம்பாணிப் பூவேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கைவேலை என்று இதைக் கொடுத்தால் பொருந்துமா? நீலகிரித் தோடர் பூவேலை போல நம்முடையது என்று சொல்ல முடியுமா? சண்டைக்குக் கேட்கவில்லை, மேடையில் யாராவது கேட்டால் டீச்சர் பதில் சொல்ல வேண்டுமே என்று கேட்கிறேன்.


தகடூரான் | மே 13, இரவு 10:20

முத்து, கேட்க வேண்டிய கேள்விதான். நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சேலத்திலும் தறியில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிறார்கள்? தஞ்சாவூர் ஓவியம் மராட்டிய அரசர் காலத்தில் வளர்ந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். அதுதானே நம் ஊர்.

அதியமானின் முன்னோர் கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்று 99ஆம் பாட்டில் ஔவையார் பாடுகிறார். எங்கிருந்தோ வந்த கரும்புதான். இன்று பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது, கரும்பு வெளியூர்ப் பயிர் என்று யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் தொன்மையான கலை என்று சொல்ல வேண்டாம், அது பொய்யாகும். "சிட்லிங்கியில் வாழும் லம்பாடிப் பெண்கள், தங்கள் பாட்டிகளிடமிருந்து கற்றது" என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.


கிருஷ்ணகிரி முத்து | மே 13, இரவு 10:41

ஒப்புக்கொள்கிறேன். கரும்பு நல்ல பதில்.


தைபேவாசி | மே 14, காலை 6:05

ஒரு சின்ன எச்சரிக்கை. சதுரமாக, சின்னதாக, ஓரம் மடித்த துணியாக வேண்டாம். கைக்குட்டை என்று நினைத்துவிடுவார்கள். வெள்ளைத் துணியும் வேண்டாம். சிவப்பு, நீலம், மஞ்சள் எதுவானாலும் சரி. பையாகவோ மேசை விரிப்பாகவோ இருந்தால் ஒரு குழப்பமும் இல்லை.


பர்கூர் டீச்சர் | மே 14, இரவு 8:30

குழுவில் பேசிவிட்டேன். "என்ன இருக்கு" என்று கேட்ட பெரியவரிடம் இந்தப் பதிவுகளை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்தார். கூடுகாரர் எழுதியதை இரண்டு தரம் படித்தார். அவர் அம்மா வீட்டில் புழு வளர்த்தார்களாம், இத்தனை நாள் எங்களிடம் சொன்னதே இல்லை. தஞ்சாவூர்த் தட்டு வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

ஒருவர் மட்டும், நிறைய எண்ணிக்கையில் வாங்குகிறோம், சிட்லிங்கியில் விலை குறைத்துக் கேளுங்கள் என்றார். நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விருந்தினருக்கு மரியாதை செய்கிற பணத்தில், தைத்த பெண்ணின் கூலியைப் பிடித்து மிச்சம் பண்ண எனக்கு மனம் வரவில்லை. பட்ஜெட் போதவில்லை என்றால் பையைச் சின்னதாக்குவோம்.

சனிக்கிழமை போகிறேன். யாராவது வழித்துணைக்கு வருகிறீர்களா?


அரூர் மலர் | மே 14, இரவு 8:52

நான் வருகிறேன். அரூர் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நிற்பேன். பாதித் தொகையை முன்பணமாகக் கையில் எடுத்து வாருங்கள், நூலும் துணியும் வாங்க அவர்களுக்குத் தேவைப்படும்.


பர்கூர் டீச்சர் | மே 17, இரவு 9:40

போய்விட்டு வந்தேன். இரண்டு மேசை விரிப்பு, ஏழு தோள்பை. நீலத்தில் சிவப்பும் மஞ்சளும். ஜூன் 20க்குள் முடியும் என்றார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு அட்டை வைக்கிறோம், தைத்தவர் பெயரோடு. பெயர் போடட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எட்டுப் பேர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். அவருடைய அட்டையில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். தமிழிலும், தைபேவாசி மொழிபெயர்த்துத் தருவதாகச் சொன்ன சீனத்திலும் அச்சடிக்கிறோம். பை உள்ளே சிட்டம் ஒன்று, கூடுகாரர் தருகிறார், காசு வாங்க மாட்டேன் என்கிறார், அதை நேரில் பேசிக்கொள்கிறேன். கல் நெல்லி இரண்டு மட்டும், துணை மேயருக்கும் சென்னை அலுவலக விருந்தினருக்கும். கல்தச்சன் மகன் மாதிரிக்கு ஒன்று செதுக்க வைத்திருக்கிறார், இலையின் நரம்பு வரை வந்திருக்கிறது. பட்ஜெட் 900 ரூபாய் தாண்டுகிறது, பெரியவர் தருகிறார்.

தெருக்கூத்து புஜக்கீர்த்திகள் மேடை அலங்காரத்துக்கு. கூத்துக் குழுவையே கூப்பிட்டிருக்கிறோம்.

கிளம்பும்போது அங்கே ஒரு அம்மா என்னைக் கேட்டார்: "இதை வாங்கிட்டுப் போறவங்க ஊர்ல பொம்பளைங்க துணியில தைப்பாங்களா?" எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தம்பி, தைப்பார்களா?


தைபேவாசி | மே 18, காலை 5:55

தைப்பார்கள் அக்கா. இங்கே அரசு அங்கீகரித்த பழங்குடிகள் பதினாறு. அதில் பைவான், புயுமா மக்களின் பூவேலை ரொம்பப் பிரபலம். புயுமா பெண்கள் துணியின் இழையை எண்ணிக் குறுக்குத் தையல் போடுவார்கள். மலர் அக்கா எழுதியதைப் படித்தபோதே எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. இந்த ஞாயிறு அருங்காட்சியகத்துக்குப் போய் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புகிறேன். பின்பக்கமும் தெரிகிற மாதிரி ஏதாவது கிடைக்கிறதா பார்க்கிறேன்.


பர்கூர் டீச்சர் | மே 18, காலை 7:10

அனுப்புங்கள் தம்பி. பெரிதாக அச்செடுத்து, ஜூன் 20 அன்று பைகளை வாங்கப் போகும்போது அந்த அம்மாவிடம் கொடுக்கிறேன்.